பழைய ரைடுக்கு அதோட ஒரிஜினல் மியூசிக்கை திரும்ப கொண்டு வர்றது எப்படி

தீம் பார்க்ல ஒரு பழைய ரைடு இருக்கு, சின்ன வயசுல ஏறினப்ப அதுல ஒரு பாட்டு ஓடும், நடுவுல யாரோ வந்து புதுசா பண்றேன்னு அதை தூக்கிட்டு வேற எதையோ போட்டுட்டாங்க, இப்ப ஜனங்க பழசுதான் வேணும்னு கேக்கறாங்க, நிர்வாகமும் சரின்னு தலையாட்டிடுச்சு. அப்புறம் என்ன, பழைய ஃபைலை தேடி எடுத்து ப்ளே பட்டனை அமுக்கினா முடிஞ்சுதுன்னு தான் பாதி பேர் நினைக்கறாங்க. அப்படி போட்டா பாட்டு அதேதான் இருக்கும், ஆனா ஏறி இறங்கினவங்க "ஏதோ இடிக்குதே"ன்னு சொல்லுவாங்க. ஏன்னா ரைடு மியூசிக்ங்கறது அளவெடுத்து தைச்ச சட்டை, இந்த வண்டி இந்த வேகத்துல இந்த ரூமை இத்தனை செகண்டுல தாண்டும்னு கணக்கு போட்டு எழுதினது. இருபது வருஷம் கழிச்சு அதே சட்டையை மாட்டணும்னா உடம்பை திரும்ப அளக்கணும்.

இது பார்க்ல ஆடியோ பாக்கறவங்களுக்கும், அவங்களுக்கு வெளியில இருந்து வேலை செஞ்சு குடுக்கறவங்களுக்கும், அப்புறம் "எங்க பாட்டை திருப்பி குடுங்க"ன்னு கேக்கற ஃபேன்ஸுக்கும் சேர்த்து எழுதினது. உதாரணம் எல்லாம் பெரும்பாலும் டிஸ்னி பார்க்குகள்ல இருந்து தான் எடுத்திருக்கேன், பாட்டை தூக்கி, திட்டு வாங்கி, திரும்ப வச்ச கதை அங்கதான் வரிசையா கிடைக்குது.

ஏன் தூக்கினாங்கன்னு முதல்ல கேளுங்க

இதை விட்டுட்டு நேரா டேப் தேட போகாதீங்க, காரணம் தெரிஞ்சாதான் யார் கதவை தட்டணும்னு தெரியும். 'கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ்' எடுத்துக்கோங்க. 1964 நியூயார்க் வேர்ல்ட் ஃபேர்ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காக வால்ட் டிஸ்னி பண்ணது, மேடை நடுவுல அசையாம நிக்கும், ஆடியன்ஸ் உக்காந்திருக்கற தியேட்டர் சுத்தி சுத்தி வரும். டிஸ்னிக்கு நிறைய பாட்டு எழுதின அண்ணன் தம்பி ஜோடி ஷெர்மன் பிரதர்ஸ் எழுதின 'தேர்ஸ் எ கிரேட் பிக் பியூட்டிஃபுல் டுமாரோ' அதோட பாட்டு. 1967ல அது டிஸ்னிலேண்டுக்கு போச்சு, 1973ல அங்க மூடினாங்க, 1975ல ஃப்ளோரிடாவுல வால்ட் டிஸ்னி வேர்ல்டுல திறந்தப்ப பாட்டை மாத்திட்டாங்க, 'தி பெஸ்ட் டைம் ஆஃப் யுவர் லைஃப்'னு ஒண்ணு, அதையும் எழுதினது அதே ஷெர்மன் பிரதர்ஸ் தான். நாளைக்கு எல்லாம் சூப்பரா இருக்கும்னு பாடினா இன்னைக்கு எவன் ஃப்ரிட்ஜ் வாங்குவான், "இப்பவே நல்ல காலம்"னு பாடுங்கன்னு ஸ்பான்சர் தரப்புல நினைச்சதா சொல்லுவாங்க. அந்த ஸ்பான்சர்ஷிப் 1985ல முடிஞ்சுது, 1993ல ஷோவை புதுப்பிச்சப்ப பழைய பாட்டு திரும்ப வந்து உக்காந்துடுச்சு. பாத்தீங்களா, அந்த பாட்டுக்கு குறுக்க நின்னது ஒரு அக்ரிமென்ட், அது போனதும் வழி தானா திறந்துச்சு.

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குள்ள இருக்கற எப்காட் பார்க்ல 'ஜர்னி இன்டு இமாஜினேஷன்' கதை வேற. 1983ல திறந்த ரைடு, ஃபிக்மென்ட்னு ஊதா கலர் குட்டி டிராகன், 'ஒன் லிட்டில் ஸ்பார்க்'னு பாட்டு (இதுவும் ஷெர்மன் பிரதர்ஸ், என்ன பண்றது, அந்த காலத்துல எல்லாத்துக்கும் அவங்கதான்). 1998ல மூடி 1999ல புதுசா திறந்தாங்க, அதுல ஃபிக்மென்ட் பேருக்கு தான் இருந்துச்சு, பாட்டும் கிட்டத்தட்ட காணோம். ஜனங்க விட்ட திட்டுல 2001ல திரும்ப மூடி, 2002 ஜூன்ல ஃபிக்மென்ட்டையும் பாட்டையும் சேர்த்து கொண்டு வந்தாங்க. ஆனா பழைய ரைடோட ஆரம்பத்துல வண்டி எல்லாம் ஒரு பெரிய டர்ன்டேபிளை, அதாவது சுத்தற மேடையை, ஒட்டி சுத்தும், அந்த பகுதியே 1999ல போயிடுச்சு, ரைடும் ரொம்ப சின்னதாயிடுச்சு, பாட்டு வந்தும் பழைய ஆளுங்க இன்னும் முணுமுணுக்கறதுக்கு காரணம் இதுதான். சட்டை வந்துச்சு, உடம்பு இளைச்சுடுச்சு.

மூணாவது ஒரு ரூட் இருக்கு, விபத்து. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டோட டிக்கி ரூம்ல (பொம்மைப் பறவைங்க பாடற ஷோ) 1998ல இருந்து ஒரு புது ஷோ ஓடிட்டு இருந்துச்சு, பழைய ரசிகர்களுக்கு அது சுத்தமா பிடிக்கல. 2011 ஜனவரில அங்க ஒரு சின்ன தீ விபத்து. அதுக்கப்புறம் அதே ஆகஸ்ட்ல திறந்தப்ப பழைய ஷோவை கொஞ்சம் சுருக்கி திரும்ப போட்டுட்டாங்க. இதுல நமக்கு பாடம் என்னன்னா, ரைடு எப்படியும் மூடப்போற நேரத்துல கேளுங்க. வருஷாந்திர மெயின்டனன்ஸுக்கு பேனல் எல்லாம் கழட்டி, சாரம் கட்டி இருக்கற நேரத்துல ஸ்பீக்கர் மாத்தறது ஒரு எக்ஸ்ட்ரா வேலை அவ்ளோதான், ஓடிட்டு இருக்கற ரைடை பாட்டுக்காக மூட சொன்னா எந்த மேனேஜரும் ஒத்துக்க மாட்டாரு.

எந்த வருஷத்து ஒரிஜினல்?

இங்கதான் சண்டை வரும். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுல ஸ்பேஸ் மவுண்டன்ங்கற ரோலர் கோஸ்டர் 1977ல திறந்தப்ப வண்டிக்குள்ள மியூசிக்கே கிடையாது, 1996ல தான் சீட்ல ஸ்பீக்கர் வச்சு சர்ஃப் கிடார் டிக் டேல் வாசிச்சதை போட்டாங்க, 2005ல மைக்கேல் ஜியாக்கினோ இசை வந்துச்சு. இதுல எதை ஒரிஜினல்னு சொல்லுவீங்க? 1977ன்னு பிடிவாதமா நின்னா அமைதியா ஓட்டணும். பத்து வயசுல 1998ல ஏறினவனுக்கு டிக் டேல் தான் ஒரிஜினல், 2006ல ஏறின பொண்ணுக்கு ஜியாக்கினோ தான் சின்ன வயசு ஞாபகம்.

அதனால உக்காந்து ஒரு தேதியை முடிவு பண்ணுங்க, "1986 சீசன்ல ஓடின மாதிரி"ன்னு பேப்பர்ல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம்னு கலந்தா யாருக்கும் பிடிக்காது. இன்னொண்ணு, ஜனங்க "ரைடு மியூசிக்"னு சொல்றது நிறைய நேரம் ரைடுக்குள்ள ஓடினதே இல்ல, க்யூ லைன்ல முக்கால் மணி நேரம் நின்னப்ப லூப்ல, அதாவது முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து, ஓடினது தான் மண்டையில உக்காந்திருக்கும், இல்லன்னா இறங்கி வெளிய வர்ற வழியில கேட்டது. "எங்க நின்னப்ப கேட்டீங்க"ன்னு கேளுங்க, க்யூன்னு பதில் வந்தா உங்களுக்கு வேலை பத்துல ஒரு பங்கா குறைஞ்சுடும், க்யூ மியூசிக்கை எந்த அசையற பொம்மையோடயும் ஒத்து வைக்க வேண்டியதில்ல.

குரல் வேற, மியூசிக் வேற, அதையும் பிரிச்சு முடிவு பண்ணுங்க. கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ்ல 1993ல பழைய பாட்டை வச்சாங்க, ஆனா அப்பா வேஷத்துக்கு புது குரல், பழைய அப்பாவா பேசின ரெக்ஸ் ஆலனை தாத்தாவா பேச வச்சாங்க. இது எனக்கு ரொம்ப பிடிச்ச முடிவு. ஆளுக்கு வயசாச்சு, கதையிலயும் வயசாக்கிட்டாங்க, பழைய ரசிகனுக்கு அந்த குரலை கேட்டதும் சிரிப்பு வரும்.

டேப்பை தேடி, டேப்பை காப்பாத்தி

பார்க்கோட ஆடியோ ரூம்ல கிடைச்சா அதிர்ஷ்டம். பெரும்பாலும் அங்க இருக்கறது கடைசியா ஓடின காப்பி, காப்பியோட காப்பி. மாஸ்டர், அதாவது முதல் ஒரிஜினல் ரெக்கார்டிங், வேணும்னா இசையமைச்சவர் வீடு, ரெக்கார்டிங் பண்ண ஸ்டுடியோ, பொம்மை செஞ்சு குடுத்த கான்ட்ராக்டர், ஸ்பான்சர் கம்பெனி ஆர்க்கைவ், இப்படி எல்லாம் அலையணும். இசையமைப்பாளர் இறந்திருந்தா குடும்பத்துல பேசுங்க, மரியாதையா பேசுங்க, பரண்ல ஒரு அட்டைப்பெட்டி கண்டிப்பா இருக்கும்னு நம்பி கேளுங்க.

எந்த ரூபத்துல கிடைக்கும்னு சொல்ல முடியாது. அறுபது எழுபதுகள்ல கால் இன்ச் அரை இன்ச் ஸ்பூல் டேப், ரைடுல ஓட்டறதுக்கு முனையும் முனையும் ஒட்டின முடிவில்லாத டேப்பை ஒரு பெட்டிக்குள்ள மடிஞ்சு மடிஞ்சு விழற மாதிரி ஓட்டற பின் லூப் மெஷின், அப்புறம் டேட், ஏடாட் மாதிரி டிஜிட்டல் டேப், எண்பது தொண்ணூறுகள்ல ஈப்ராம்ங்கற மெமரி சிப்ல எரிச்ச ஆடியோ கார்டு. டேப் பெட்டி மேல எழுதியிருக்கறதை முதல்ல ஃபோட்டோ எடுங்க, ஸ்பீடு, டிராக் எத்தனை, இரைச்சலை குறைக்க என்ன நாய்ஸ் ரிடக்ஷன் போட்டாங்கன்னு பென்சில்ல எழுதி இருக்கும், அந்த ஒரு வரி இல்லன்னா பின்னாடி ரொம்ப கஷ்டப்படுவீங்க.

இப்ப முக்கியமான விஷயம். கிடைச்ச சந்தோஷத்துல டேப்பை எடுத்து மெஷின்ல மாட்டி ஓட்டிடாதீங்க. எழுபதுகள் நடுவுல இருந்து தொண்ணூறுகள் வரைக்கும் வந்த நிறைய பாலியெஸ்டர் டேப்புக்கு, குறிப்பா ஆம்பெக்ஸ் 456 மாதிரி டேப்புக்கு, ஒரு வியாதி உண்டு. காந்தப் பொடியை ஒட்டி வச்சிருக்கற பசை காத்துல உள்ள ஈரத்தை இழுத்து பிசுபிசுன்னு ஆயிடும். ஓட்டினீங்கன்னா கீச்சுன்னு சத்தம் போட்டுட்டு டேப்பை படிக்கற ஹெட்ல பழுப்பு கலர்ல பிசின் மாதிரி அப்பிக்கும், அப்பின அந்த பழுப்பு தான் உங்க பாட்டு. இதுக்கு வைத்தியம் டேப்பை கட்டுப்படுத்தின சூட்டுல, சுமார் 50ல இருந்து 55 டிகிரி செல்சியஸ்ல, எட்டு மணி நேரமோ அதுக்கு மேலயோ வச்சு எடுக்கறது. ஈரம் போய் கொஞ்ச நாளைக்கு டேப் நல்லா ஓடும், அந்த இடைவெளியில டிஜிட்டலுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிடணும். வீட்டு மைக்ரோவேவ் ஓவன்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க. அதை விட முக்கியம், பழைய அசிடேட் டேப்பை சூடு பண்ணவே கூடாது, நாசமாயிடும். எது எதுன்னு கண்டுபிடிக்க ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரா தூக்கி பக்கவாட்டுல பாருங்க, வெளிச்சம் ஊடுருவி தெரிஞ்சா அசிடேட், கருப்பா இருந்தா பாலியெஸ்டர். வினிகர் வாசனை அடிச்சாலும் அசிடேட் தான், கெட்டுப்போக ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். சந்தேகம்னா இதுக்குன்னே இருக்கற ஆளுங்ககிட்ட குடுத்துடுங்க, இந்த இடத்துல காசு மிச்சம் பண்ணாதீங்க.

டேப் ஆரம்பத்துல ஊஊன்னு டோன் கேக்கும், அதை எரிச்சலா இருக்குன்னு வெட்டிடாதீங்க, லெவலையும் ஹெட்டோட சாய்மானத்தையும் செட் பண்றதுக்காக அந்த காலத்து இன்ஜினியர் விட்டுட்டு போன சாவி அது. டால்பிங்கற நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு ரெக்கார்ட் பண்ணியிருந்தா அதே டால்பி டிகோடர் வழியா தான் எடுக்கணும், இல்லன்னா ஹை ஃப்ரீக்வென்சி எல்லாம் கூச்சலா இருக்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்து வைங்க, கீறல் இரைச்சல் எதையும் கை வைக்காத ஒரு காப்பியை தனியா பூட்டி வச்சுட்டு இன்னொரு காப்பில தான் வேலையை ஆரம்பிக்கணும்.

ஸ்பீடு சரியான்னு எப்படி பாக்கறது? காது மட்டும் போதாது. டேப்ல பாட்டுக்கு அடியில லேசா கரண்ட் இரைச்சல் பதிவாகி இருக்கும், அமெரிக்காவுல ரெக்கார்ட் பண்ணதுன்னா அது 60 ஹெர்ட்ஸ். அனலைசர்ல பாத்தா 61.2ல நிக்குதுன்னா டேப் 2 சதவீதம் வேகமா ஓடுதுன்னு அர்த்தம். இப்ப ஓட்டற மெஷினோட சொந்த இரைச்சலை பாத்து ஏமாறாதீங்க, டேப்பை நிறுத்தினதும் அதுவும் நின்னுதுன்னா தான் டேப்ல இருக்கறது. 2 சதவீதம்னா என்ன பெருசான்னு கேக்கலாம், ஸ்ருதியில அது ஒரு செமிடோன்ல (கீபோர்டுல பக்கத்து பக்கத்து கட்டைக்கு நடுவுல உள்ள தூரம்) மூணுல ஒரு பங்கு, மூணு நிமிஷ லூப்புல 3.6 செகண்ட். ஆனா இன்னொரு குழப்பம் இருக்கு, பார்க்ல மெஷின் தேஞ்சு போய் இருபது வருஷமா கொஞ்சம் மெதுவாவே ஓடியிருக்கலாம், ஜனங்க ஞாபகத்துல இருக்கறது அந்த மெதுவான ஸ்ருதி. நான் டேப்ல இருக்கறதை தான் எடுத்துப்பேன், தேஞ்ச மெஷினுக்கு கோயில் கட்ட முடியாது.

மாஸ்டரே கிடைக்கலன்னா

அப்ப ஃபேன்ஸ் தான் கதி. காது சரியா கேக்காதவங்களுக்கு பார்க்ல ஒரு ரிசீவர் குடுப்பாங்க, அதுல ஷோ ஆடியோ நேரா வரும், அதுல ரெக்கார்டரை சொருகி எடுத்து வச்ச புண்ணியவான்கள் இருக்காங்க, அது கிடைச்சா பாதி மாஸ்டர் கிடைச்ச மாதிரி. அடுத்தது ஹேண்டிகேம் வீடியோ, ஒரே சீனை அஞ்சாறு பேர் எடுத்தது கிடைச்சா ஒண்ணுல குழந்தை அழற இடத்துல இன்னொண்ணு சுத்தமா இருக்கும், எல்லாத்தையும் ஒரே டைம்லைன்ல அடுக்கி நல்ல துண்டா பொறுக்கலாம். இப்ப ஏஐ வச்சு குரல், டிரம்ஸ், மத்ததுன்னு பிரிக்கற டூல்ஸ் வந்துருச்சு, நல்லா தான் இருக்கு, ஆனா டார்க் ரைடுக்குள்ள (இருட்டு கட்டடத்துக்குள்ள வண்டியில போற ரைடு) ரெக்கார்ட் பண்ணதுல எதிரொலியும் செயின் சத்தமும் பாட்டோட பின்னிக்கிட்டு இருக்கும், பிரிச்சா தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி வரும். அதனால அதை நேரா ஸ்பீக்கர்ல விடாதீங்க, எந்த வாத்தியம் என்ன வாசிக்குதுன்னு காதால எழுதி எடுக்கறதுக்கு வச்சுக்கோங்க, அப்புறம் நல்ல மியூசிஷியன்ஸை கூப்பிட்டு திரும்ப வாசிக்க வைங்க. புதுசா வாசிக்கறப்ப பெரிய ஆர்கெஸ்ட்ராவா ஆக்கணும்னு ஆசை வரும், அடக்கிக்கோங்க. ஒரிஜினல்ல ஒரு ஆர்கன், ஒரு டிரம்பெட் தான்னா அவ்ளோதான்.

உரிமை விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். பாட்டுக்கு ஒரு காப்பிரைட், அந்த ரெக்கார்டிங்குக்கு ஒரு காப்பிரைட், ரெண்டும் வேற வேற ஆள்கிட்ட இருக்கலாம். பார்க்குக்காகவே சம்பளத்துக்கு எழுதினதுன்னா பெரும்பாலும் கம்பெனி கைல தான் இருக்கும். நிறைய சின்ன பார்க்குகள்ல கேபிஎம், டி வுல்ஃப் மாதிரி கம்பெனிங்க முன்னாடியே ரெடியா பண்ணி வச்சு லைசென்ஸுக்கு குடுக்கற லைப்ரரி மியூசிக்கை தான் வாங்கி போட்டிருப்பாங்க, அப்படின்னா ரொம்ப நல்லது, அந்த லைப்ரரிக்கே போய் டிராக்கை கண்டுபிடிச்சு புது லைசென்ஸ் வாங்கிக்கலாம், சுத்தமான ஆடியோவும் சேர்ந்து வரும். சினிமா பாட்டா இருந்தா வக்கீலை பாருங்க. ஃபேன்ஸ் ரெக்கார்டிங் குடுத்தாங்கன்னா அவங்ககிட்டயும் ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க.

அளவெடுக்கற வேலை

இதுதான் மெயின், இதுக்கு தான் நேரம் ஒதுக்கணும். ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு டேப் மெஷர், ரைடோட ட்ராயிங், இது போதும். ஒவ்வொரு சீனுக்கும் வண்டி உள்ள நுழையற நேரம், முக்கியமான பொம்மை முன்னாடி வர்ற நேரம், வெளிய போற நேரம் மூணையும் எழுதுங்க, காலியா ஒரு தடவை, ஆள் ஏத்தி ஒரு தடவை. சீன் 20 மீட்டர், வண்டி செகண்டுக்கு அரை மீட்டர்னா அந்த மியூசிக்கை ஒருத்தர் 40 செகண்ட் கேப்பாரு. 120 டெம்போ (நிமிஷத்துக்கு 120 தட்டு), நாலு கவுண்ட் பாட்டுன்னா ஒரு பார், அதாவது நாலு தட்டு சேர்ந்த ஒரு சுத்து, 2 செகண்ட், அப்ப 20 பார். ஒரிஜினல்ல அந்த சீனுக்கு 16 பார்ல ஒரு மெலடி முடிஞ்சுதுன்னா யார் எப்ப உள்ள வந்தாலும், நடுவுல இருந்து கேட்டாலும், மெலடியோட 16 பாரும் காதுல விழுந்துடும், எழுதினவர் அதை கணக்கு போட்டு தான் வச்சிருப்பாரு. இப்ப அதிக ஆள் ஏத்தறதுக்காக வண்டி வேகத்தை கூட்டி 28 செகண்ட் ஆயிடுச்சுன்னா 14 பார் தான், மெலடி முடியறதுக்குள்ள ஆள் வெளிய. "ஏதோ இடிக்குதே" இங்க இருந்து தான் வருது. இதுக்கு மூணு வழி, வண்டியை பழைய வேகத்துக்கு கொண்டு வர முடியுமான்னு ஆபரேஷன்ஸ்கிட்ட கேளுங்க, முடியாதுன்னா ஸ்பீக்கரை நுழைவாசலுக்கு முன்னாடியே தள்ளி வச்சு பாட்டு கொஞ்சம் முன்னாலயே கேக்கற மாதிரி பண்ணுங்க, அதுவும் முடியலன்னா தான் பாட்டை வெட்டணும். டெம்போவை மட்டும் கூட்டாதீங்க, ஒரு தடவை கேட்டாலே கண்டுபிடிச்சுடுவாங்க.

அடுத்தது பக்கத்து சீன் சத்தம். வண்டி நகர்ந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு சீன் பாட்டும் ஒரே நேரத்துல கேக்கற ஒரு இடம் எப்பவும் இருக்கும். இதுக்கு உலகத்துலயே பெரிய பாடம் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்', பல நாட்டு பொம்மைங்க பாடற டிஸ்னி படகு ரைடு. 1964 வேர்ல்ட் ஃபேர்ல யூனிசெஃப்புக்காக பண்ணப்ப முதல்ல ஒவ்வொரு நாட்டு பொம்மையும் அதோட தேசிய கீதத்தை பாடற மாதிரி வச்சு பாத்தாங்க, எல்லாம் கலந்து சந்தைக்கடை சத்தம். அப்புறம் தான் ஷெர்மன் பிரதர்ஸ்கிட்ட ஒரே பாட்டு கேட்டாங்க, அவங்க சரணமும் பல்லவியும் ஒரே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கற சுரக் கூட்டு) வரிசையில வர்ற மாதிரி எழுதிட்டாங்க, ஒரு ரூம்ல பல்லவி ஓட, அடுத்த ரூம்ல சரணம் ஓட, நடுவுல நின்னு கேட்டாலும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். உங்க ரைடுலயும் இந்த மாதிரி ஏதாவது தந்திரம் இருக்கும், ஒவ்வொரு சீன் டிராக்கையும் ஒரே நேரத்துல ப்ளே பண்ணி கேளுங்க, ஸ்ருதியும் டெம்போவும் ஒத்துப்போச்சுன்னா அவங்க திட்டம் போட்டு தான் எழுதியிருக்காங்க. அப்ப எல்லா லூப்பும் ஒரே நீளத்துல, ஒரே க்ளாக்ல, ஒரே சாம்பிள்ல (டிஜிட்டல் ஆடியோவோட மிகச் சின்ன துளி) ஆரம்பிக்கணும், தனித்தனி எம்பி3 ப்ளேயர் வச்சா ஒரு மணி நேரத்துல ஒண்ணுக்கொண்ணு நகர்ந்து போய் கேவலமா கேக்கும். எம்பி3ன்னதும் இன்னொண்ணு, அந்த ஃபார்மட்ல லூப் முனையில ஒரு துளி அமைதி வந்துடும், வேவ் ஃபைலா வைங்க.

அசையற பொம்மை இருந்தா இன்னும் ஜாக்கிரதை. 1963ல கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுல வந்த முதல் டிக்கி ரூம்ல பறவை அலகு திறக்கறதுக்கான சிக்னலே டேப்ல டோனா பதிவாகி இருந்துச்சு, சத்தமும் அசைவும் ஒரே டேப். அந்த மாதிரி ரைடுல கேக்கறதுக்கு அசிங்கமா இருக்குன்னு ஒரு டிராக்கை ஒதுக்கிடாதீங்க, பீப் பீப்னு கேக்கறது தான் பொம்மையோட மூளை. இப்ப கன்ட்ரோலர் மாறியிருந்தா பழைய பாட்டுக்கு ஏத்த மாதிரி அசைவை திரும்ப ப்ரோக்ராம் பண்ணணும், வாய் அசைவை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் கையை பாருங்க. வாய் பொருந்தலன்னா நாலு வயசு குழந்தையே சொல்லிடும்.

கோஸ்டர்னா வேற கணக்கு. பாரிஸ் டிஸ்னிலேண்டு ஸ்பேஸ் மவுண்டன்ல 1995ல ஸ்டீவ் பிராம்சன் எழுதின இசையை வண்டிக்குள்ளயே ரைடோட ஒத்து ஓட வச்சாங்க. ஆனா கோஸ்டர் எப்பவும் ஒரே வேகத்துல ஓடாது, காலையில குளிர்ல கிரீஸ் கெட்டியா இருக்கறப்ப மெதுவா, மத்தியானம் ஆள் நிறைஞ்சு சூடேறினதும் வேகமா போகும். அதனால மியூசிக்கை ஒரே நீட்டா விடாம, லாஞ்ச், முதல் சுத்து, பிரேக்னு துண்டா பிரிச்சு டிராக்ல இருக்கற சென்சர் தாண்டினதும் அடுத்த துண்டு ஆரம்பிக்கற மாதிரி வைக்கணும், துண்டுக்கு துண்டு நடுவுல நீட்டிக்கவும் சுருக்கவும் முடியற ஒரு ரெண்டு செகண்ட் உருட்டு சத்தம் இருந்தா யாருக்கும் தெரியாது.

ஸ்பீக்கர்

பழைய ரைடுல பழைய ஸ்பீக்கர் அப்படியே இருந்தா தூக்கி எறியறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதுலயே போட்டு கேளுங்க. ஹார்ன் ஸ்பீக்கர்ல பாஸ் வராது, கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி இருக்கும், அது தெரிஞ்சு தான் மிக்ஸ் பண்ணவர் பாஸை கூட்டி வச்சிருப்பாரு. அதே மிக்ஸை புது சப்வூஃபர்ல விட்டா சுவர் அதிரும், பேய் வீட்டுக்குள்ள கல்யாண டிஜே மாதிரி. அதனால புது ஸ்பீக்கர் போட்டாலும் பழசு எப்படி ஒலிக்குதுன்னு மைக் வச்சு அளந்துட்டு ஈக்யூல (பாஸ், ட்ரெபிளை கூட்டி குறைக்கற கருவி) அதுக்கு கிட்ட கொண்டு வாங்க. சத்தம் 10 மீட்டர் தாண்ட கிட்டத்தட்ட 29 மில்லிசெகண்ட் ஆகும், நீளமான ரூம்ல ரெண்டு ஸ்பீக்கர் ஒரே பாட்டை பாடினா முதல் ஸ்பீக்கர்ல இருந்து தள்ளி இருக்கற ரெண்டாவதுக்கு டிலே போடுங்க, அதாவது அந்த அளவு தாமதமா பாட விடுங்க. வால்யூமை ஆள் நிறைஞ்ச வண்டியில உக்காந்து செட் பண்ணுங்க, காலி ரைடுல செட் பண்ணது கூட்டம் வந்ததும் அமுங்கிடும். ரைடு நடுவுல நின்னா அறிவிப்பு வர்றப்ப மியூசிக் தானா இறங்கணும், இதை சேஃப்டி ஆளுங்க முன்னாடி டெஸ்ட் பண்ணி காட்டிடுங்க.

ராட்டினம்னா தனி உலகம்

மரக்குதிரை ராட்டினத்துல ஒரிஜினல் மியூசிக்னா ரெக்கார்டிங்கே கிடையாது, காத்துல வாசிக்கற பேண்ட் ஆர்கன். மேரிலேண்டுல க்ளென் எக்கோ பார்க்ல 1921 டென்ட்செல் ராட்டினத்துக்கு வுர்லிட்சர் 165 ஆர்கன் இன்னும் ஓட்டை போட்ட பேப்பர் ரோல்ல இருந்து வாசிக்குது. இந்த மாதிரி ஒண்ணு உங்க பார்க்ல மூலையில தூசி படிஞ்சு கிடந்தா ஸ்பீக்கரை பத்தி யோசிக்காதீங்க, ஆர்கனை எழுப்ப முடியுமான்னு பாருங்க. துருத்தியில தோல் வெடிச்சிருக்கும், குழாய்ல எலி கூடு கட்டியிருக்கும், ரெண்டும் சரி பண்ணக்கூடியது தான். ரோல் போனா கவலை இல்ல, புது ரோல் வெட்டி குடுக்கறவங்க இன்னும் இருக்காங்க. சிலர் உள்ள மிடி போர்டு (எந்த சுரம் எப்பன்னு டிஜிட்டலா சொல்ற கருவி) வச்சு கம்ப்யூட்டர்ல இருந்து வாசிக்க வைப்பாங்க, தினமும் பத்து மணி நேரம் ஓடணும்னா எனக்கும் அதுல ஆட்சேபணை இல்ல, குழாய் நிஜமா ஊதுது, அது போதும். ஆனா ரோல் சிஸ்டத்தை பிடுங்கி போட்டுட்டு மிடி வைக்காதீங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம்.

திறக்கறதுக்கு முன்னாடி

அந்த காலத்துல ரைடுல வேலை பாத்த ஆபரேட்டர் ரெண்டு பேரை தேடி பிடிச்சு ஏத்தி விடுங்க. ரசிகன் நூறு தடவை கேட்டிருப்பான், ஆபரேட்டர் ஒரே சீசன்ல ஆயிரக்கணக்குல கேட்டிருப்பாரு, "இந்த இடத்துல ஒரு மணி சத்தம் வரும், காணோம்"னு அவருதான் சொல்லுவாரு. இப்ப வேலை பாக்கற பசங்களையும் கேளுங்க, ஒரு ஷிஃப்ட் முழுக்க அந்த லூப்புக்கு பக்கத்துல நிக்கப்போறது அவங்க, லோடிங் ஸ்டேஷன்ல வால்யூம் ஒரு படி குறைச்சு வச்சா உங்களை வாழ்த்துவாங்க.

ஃபேன்ஸுக்கு ஒரு வார்த்தை: "பழசை கொண்டு வா"ன்னு மொட்டையா ஆயிரம் மெயில் போடறதை விட, எந்த வருஷ வெர்ஷன், எந்த சீன், எங்ககிட்ட என்ன ரெக்கார்டிங் இருக்குன்னு ஒரே ஒரு பக்கம் எழுதி குடுங்க, உள்ள இருக்கறவர் அதை அப்படியே மீட்டிங்குக்கு எடுத்துட்டு போவாரு.

கடைசியா, எல்லாம் முடிஞ்சதும் கை வைக்காத டிரான்ஸ்ஃபர், சுத்தம் பண்ணது, ரைடுல ஓடற ஃபைல், சீன் டைமிங் ஷீட், ஸ்பீக்கர் ஈக்யூ செட்டிங், லைசென்ஸ் பேப்பர் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு ரெண்டு வேற வேற கட்டடத்துல வைங்க. ஃபைல் பேர்ல 'ஃபைனல்', 'ஃபைனல் 2'ன்னு போடாதீங்க, ரைடு பேரு, சீன் நம்பர், தேதி. டேப் பெட்டியை தூக்கி போடாதீங்க, நீங்க என்ன பண்ணீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி அதுக்குள்ளயே வச்சு மூடிடுங்க, இதை அடுத்து எவனோ மாத்துவான், அதுக்கப்புறம் எவனோ திரும்ப தேடுவான்.